பாட்டு முடிஞ்சதும் துடைப்பம் யார் கையில?

"ஏன்யா, பேங்க்ல லீவு போட்டு, கடன வாங்கி அமெரிக்கா போயி, வெள்ளக்காரப் பசங்க கத்துறத கேட்டுட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

கேட்டவர் தோழர் ஒருவர். டீக்கடையில், நாலு பேர் எதிரில். ஏகாதிபத்தியக் கழிவு, அது இது என்று அடுக்கினார். கூட இருந்த பேராசிரியர், கருத்தரங்கம் தவறாமல் 'விளிம்பு' பேசுகிறவர், அவசரமாகக் குறுக்கே வந்தார். "அப்படி ஒதுக்கிடாதீங்க தோழர். பங்க் என்பது கலகம். இரைச்சல்தான் அதோட அரசியல். ஒழுங்கைக் குலைக்கிற எதிர்க்கலாச்சாரம்." டீ ஆறும்வரை பேசினார்.

இரண்டு பேரும் அந்த இசையை ஒரு பொழுதாவது நின்று கேட்டவர்கள் இல்லை. ஒருத்தருக்குக் கேட்காமலே வெறுக்க வருகிறது, இன்னொருத்தருக்குக் கேட்காமலே கொண்டாட வருகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் என் தங்கச்சிக்குப் பிரசவம். அவள் இருப்பது கலிபோர்னியாவில் பிரீமாண்ட் என்கிற ஊர். அம்மா தனியாக விமானம் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டது. வங்கியில் தடையில்லாச் சான்று வாங்கி, மேலாளரின் முகத்தைச் சகித்துக்கொண்டு, மூன்று வாரம் போய்வந்தேன். அங்கே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆம்பூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் படிக்கிறான். இந்த இதழின் பழைய பிரதிகளை மூட்டை கட்டிக்கொண்டு போனவன். "அண்ணே, சனிக்கிழமை சும்மாதான இருக்கீங்க, ஒரு எடம் காட்டுறேன் வாங்க" என்றான். பார்ட் ரயிலில் வட பெர்க்லியில் இறங்கி, மேற்கே கடலைப் பார்த்து நடந்தோம். வீடுகள் குறைந்து பட்டறைகளும் கிடங்குகளும் வந்தன. எங்கோ பக்கத்தில் சரக்கு ரயில் கூவியது. கில்மன் தெரு, 924 ஆம் எண். வெளியிலிருந்து பார்த்தால் நம்மூர் மண்டிக் கிடங்குதான். பிரம்பு நாற்காலிக்குப் பின்னல் போடுகிற கடையொன்று பல வருசம் இதே கட்டடத்தில்தான் இருந்ததாம்.

வாசலில் ஒரு மேசை, பணம் போட ஒரு பெட்டி, பதினெட்டு வயசு இருக்கும் ஒரு பெண். உறுப்பினர் அட்டை வாங்கினால்தான் உள்ளே விடுவாள். ஆரம்பித்த காலத்தில் அது வருசத்துக்கு 2 டாலர். அன்றைக்கு ஏதாவது வேலை செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் டிக்கெட் வாங்க வேண்டாம். தம்பி வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டான். எனக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. (இது பின்னால் வரும்.)

சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. இனவெறி கூடாது. ஆண்திமிர் கூடாது. ஒருபால் விரும்பிகளை, திருநரை இழிவுசெய்யக் கூடாது. சாராயம் கூடாது. போதைமருந்து கூடாது. அடிதடி கூடாது. காக்கிச்சட்டை எதுவும் இல்லை. கூலிக்கு எடுத்த குண்டர் எவரும் இல்லை. வாசலைக் காக்கிறவர்கள் தொண்டர்கள்தான். எழுதினதை மீறினால் அவர்களே வெளியே அனுப்புகிறார்கள்.

பேராசிரியர் இதைக் கவனிக்க வேண்டும். 'ஒழுங்கைக் குலைக்கிற' இடத்தின் வாசலில் இத்தனை ஒழுங்கு! நம் சபாக்களில் ஒரு விதி கூட எழுதியிருக்க மாட்டார்கள். எழுதாமலே யார் உள்ளே வரலாம், யார் எந்த வரிசையில் உட்காரலாம், யார் சாயங்காலம் வாழைமரம் கட்டிவிட்டு வெளியே நிற்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். எழுதாத விதிதான் அசைக்க முடியாத விதி. எழுதி வைத்தால் நாளைக்கு ஒருத்தன் வந்து, 'நீ எழுதினதை நீயே மீறுறியே' என்று சட்டையைப் பிடிக்க முடியும்.

இந்தக் கூடத்தின் கதை சிற்றிதழ் வாசகர்களுக்குத் தெரிய வேண்டிய கதை. 1982 இல் 'மேக்ஸிமம் ராக்அண்ட்ரோல்' என்று ஒரு பத்திரிகை அந்த வட்டாரத்தில் ஆரம்பித்தது. மட்டமான தாளில், பொடி எழுத்தில், பங்க் குழுக்களைப் பற்றிய பத்திரிகை. அதை நடத்தினவர்களில் முக்கியமானவர் டிம் யோஹனன், 1998 இல் இறந்துபோனார். அவரும் இன்னும் பலரும் சேர்ந்து கிடங்கைக் குத்தகைக்கு எடுத்து, தாங்களே சுவர் வைத்து, குழாய் போட்டு, 1986 டிசம்பர் 31 ஆம் தேதி ராத்திரி திறந்தார்கள். சாராயம் விற்கிற விடுதியில் வயசு வராத பிள்ளைகளை விட மாட்டார்கள். சாராயமே வேண்டாம், எல்லா வயசும் வரட்டும் என்று இவர்கள் முடிவெடுத்தார்கள். 1988 இல் பத்திரிகைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஒரு மாசம் போலப் பூட்டிக் கிடந்தது. அப்புறம் அங்கே வந்துபோன பிள்ளைகளே எடுத்து நடத்தினார்கள். பத்திரிகையின் அச்சுப் பதிப்பு 2019 இல் நின்றுபோனது. கூடம் நிற்கவில்லை.

நாம் சிற்றிதழ் நடத்தி என்ன கட்டினோம்? அட்டை போட்டோம், பிளவுபட்டோம், ஆளுக்கொரு இதழ் ஆரம்பித்தோம். சேரிப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து உட்கார, கிட்டாரோ தம்பட்டமோ எடுத்துத் தப்பும் தவறுமாக அடித்துப் பழக, நம் பெயரில் ஒரு கூரை எங்கே இருக்கிறது? நான் என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அன்றைக்கு நாலு குழு. எல்லாம் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள். ஓக்லாண்ட், ரிச்மண்ட், சான் ஹோசே. முதல் மூன்று பங்க், கடைசி ஸ்கா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பங்க் என்றால் மூன்று கார்டு தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்கிற இசை. பாட்டு ஒன்றரை நிமிசம், சில சமயம் நாற்பது விநாடி. ஆலாபனை கிடையாது, வித்வத்தைக் காட்ட இடமே கிடையாது. முதல் குழுவில் மூன்று பெண்கள், ஒரு பையன். இரண்டாவது பாட்டிலேயே கிட்டார்க் கம்பி அறுந்துவிட்டது. நம் மேடையாக இருந்தால் மைக் செட்டுக்காரனைத் திட்டியிருப்பார்கள். கீழே இருந்த ஒரு பெண் தன் கிட்டாரைத் தூக்கிக் கொடுத்தாள். அவள் மூன்றாவது குழுக்காரி என்பது அப்புறம்தான் தெரிந்தது. மேடைக்கும் தரைக்கும் அங்கே ரெண்டு அடிதான். இப்போது மேலே இருப்பவள் அடுத்த அரைமணியில் என் பக்கத்தில் வியர்வையோடு நிற்கிறாள்.

பாட்டு ஒன்றும் முழுசாகப் புரியவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாடகை என்ற சொல் புரிந்தது, போலீஸ் புரிந்தது. தம்பி காதில் கத்தி மொழிபெயர்த்தான், அதுவும் புரியவில்லை. ஆனால் நடுவில் ஒரு வட்டம் உண்டாகும். ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கலவரம். ஒரு பொடியன் சறுக்கி விழுந்தான். விழுந்த அடுத்த கணம் நாலு கை அவனைத் தூக்கி நிறுத்தியது. அதுதான் அங்கே பழக்கமாம், விழுந்தவனை மிதிக்கக் கூடாது, தூக்க வேண்டும். நான் ஓரமாகத்தான் நின்றேன். இருந்தும் முன்பின் தெரியாத இருபது முப்பது பேரின் வியர்வை என் சட்டையில் ஏறிவிட்டது. என் வியர்வையும் அவர்கள் மேல் ஏறியிருக்கும். ஒருத்தரும் துடைத்துக்கொள்ளவில்லை. இதை நான் எழுதும்போது இந்த இதழின் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது.

சரி, பேராசிரியர் சொன்ன கலகத்துக்கு வருவோம். இந்தக் கூடத்துக்கு இன்னொரு விதி உண்டு. பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளிடம் விலைபோன குழுக்களுக்கு இங்கே மேடை இல்லை. கிரீன் டே என்கிற குழு இங்கேதான் வளர்ந்தது. 1993 இல் பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டதும் கதவு சாத்தப்பட்டது. அடுத்த வருசம் அவர்களுடைய இசைத்தட்டு உலகமெல்லாம் விற்றது. விற்றும் கதவு திறக்கவில்லை. 2015 மே மாதம்தான், தீ விபத்தில் நஷ்டப்பட்ட ஏகே பிரஸ் என்கிற பதிப்பகத்துக்கு நிதி திரட்ட, திரும்ப வந்து வாசித்தார்கள். கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறவனைப் பார்த்து 'வேணாம், போ' என்று சொல்ல ஒரு கிடங்குக்கு இருந்த முதுகெலும்பை நான் மதிக்கிறேன். நம்மில் எத்தனை கலகக்காரர்கள் விருது அறிவித்த மறுநாள் பட்டுவேட்டி தேடினார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அதே கூடத்தில் 1994 மே மாதம் என்ன நடந்தது? ஜெல்லோ பியாஃப்ரா, டெட் கென்னடிஸ் குழுவில் பாடினவர், அமெரிக்க அரசை, போலீஸை, பணக்காரர்களைக் காய்ச்சி எடுத்தவர், பார்வையாளராக வந்திருந்தார். 'விலைபோனவன், ராக் ஸ்டார்' என்று கத்திக்கொண்டே சிலர் அவரை அடித்தார்கள். காலில் பலத்த காயம். அடித்தவர்களும் தங்களைக் கலகக்காரர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். சுத்தம் பேசுகிறவன் கையில் தடி வந்தால் இதுதான் நடக்கும். சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்கும், அது எந்த மொழியில் வந்தாலும் சரி. இரைச்சலே அரசியல் என்றால் அந்த அடியும் அரசியல்தானே பேராசிரியரே? சுவரில் 'அடிதடி கூடாது' என்று எழுதி வைத்த அந்தப் பிள்ளைகளுக்கு உங்களைவிட அரசியல் தெரியும்.

கடைசியாக ஸ்கா குழு ஏறியது. எட்டுப் பேர். அந்தச் சின்ன மேடையில் எட்டுப் பேர் நிற்பதே வித்தை. டிராம்போன்காரன் குழாயை இழுத்து நீட்டும்போதெல்லாம் பாடுகிறவன் தலையைச் சாய்த்துக்கொண்டான். சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன் மூன்றும் சேர்ந்து எழும்பியபோது நான் இருந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஸ்காவின் சூட்சுமம் கிட்டாரில் இருக்கிறது. அடி விழ வேண்டிய இடத்தில் விழாது, இரண்டு அடிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் வெடுக்கென்று விழும். உடம்பு அந்தச் சந்தைத் தேடிக்கொண்டு தானாகத் துள்ளும். துள்ளினேன். முப்பத்தாறு வயசு, குமாஸ்தா, தொப்பை. துள்ளினேன்.

துள்ளிக்கொண்டே எண்ணினேன். மேடையில் எட்டுப் பேர். வெள்ளையர் ஆறு, மெக்சிகோ வம்சம் ஒருத்தர், கிழக்காசிய முகம் ஒன்று. கறுப்பர் இல்லை. கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருக்கும். கறுப்பர் என் கண்ணுக்குப் பட்டது மூன்று பேர். பக்கத்து ஊர் ஓக்லாண்ட். கருஞ்சிறுத்தைகள் கட்சி 1966 இல் பிறந்த ஊர்!

இந்த அடி யாருடையது? 1950களின் கடைசியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் பிறந்த அடி இது. அங்கேயும் மேடு உண்டு, பள்ளம் உண்டு. மலையடிவாரத்து மேட்டில் வெளுத்த தோல்காரர்கள், பணக்காரர்கள். கீழே துறைமுகத்தை ஒட்டிப் பள்ளத்தில் கறுத்த சனங்க. வானொலியில் அவர்கள் பாட்டுக்கு இடம் கிடைக்காது. ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றி வந்து தெருவில், திடலில் இறக்கி, இசைத்தட்டுப் போட்டு ஆடினார்கள். காக்ஸன் டாட், டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர் எல்லாம் அப்படித் தெரு ஒலிபெருக்கியிலிருந்து வந்தவர்கள்தான். ஊதினவர்கள் யார்? ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல் என்று கன்னியாஸ்திரிகள் ஏழை, அநாதைப் பையன்களுக்கு நடத்திய பள்ளி. அங்கே பேண்டு வாத்தியம் கற்றவர்கள் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங். 1964 இல் இவர்கள் சேர்ந்த குழுதான் ஸ்கேடலைட்ஸ். ஸ்கா என்றால் அவர்கள்தான்.

அதே 1964 இல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி. சுதந்திரம் வாங்கி இரண்டு வருசமான ஜமைக்கா அரசு, 'எங்கள் இசை' என்று ஸ்காவை அனுப்ப முடிவெடுத்தது. யாரை அனுப்பியது? ஸ்கேடலைட்ஸை இல்லை. மேட்டு வீடுகளின் விருந்துகளிலும் ஓட்டல்களிலும் வாசித்துப் பேர் வாங்கிய பைரன் லீயின் குழுவை! பாட பிரின்ஸ் பஸ்டர், ஜிம்மி கிளிஃப், மில்லி ஸ்மால் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த அடியைத் தட்டி உருவாக்கின கைகள் கிங்ஸ்டனிலேயே நின்றன. கோட்டுப் போட்ட குழு கப்பலேறியது, பள்ளத்துக்காரன் பள்ளத்திலேயே இருந்தான். டெல்லி குடியரசு தின ஊர்வலத்துக்கு நம் ஆட்டத்தைக் கொண்டுபோகிறவர்கள் யார், ஆடுகிறவர்கள் யார் என்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

சொந்தக் கதை ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த வருசம் வங்கியில் கலைவிழா. ஓர் அதிகாரி என் கையில் பறையைத் திணித்தார். "அடிப்பா, ஒங்க ஆளுங்களுக்கு ரத்தத்திலயே தாளம்." நான் பறையைத் தொட்டதே கிடையாது. சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொல்லி என் தாத்தா ஊரிடம் அடி வாங்கினவர், வீட்டிலிருந்த பறையை ஏரியில் போட்டவர். அதை நான் அந்த அதிகாரியிடம் சொல்லவில்லை. பரணில் ஏற்றி வைத்தேன். அதே அதிகாரியின் மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணம் கட்டிப் பறை கற்கிறாள். கற்கட்டும். எந்தப் பாட்டன் எதற்காக ஏரியில் போட்டான் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறார்களா?

இசையை எவரும் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுக்கிற விதம் இருக்கிறது. 1979 இல் இங்கிலாந்தில் கோவெண்ட்ரி என்கிற மோட்டார்த் தொழிற்சாலை நகரத்தில் ஜெர்ரி டாமர்ஸ் 'டூ டோன்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார். பங்க்கின் கோபத்தையும் ஸ்காவின் அடியையும் சேர்த்த ஸ்பெஷல்ஸ் குழு அவருடையது. அதில் லின்வல் கோல்டிங், நெவில் ஸ்டேப்பிள் இரண்டு பேரும் ஜமைக்காவில் பிறந்தவர்கள். அதோடு நிற்காமல், அப்போது நாற்பத்தைந்து வயசான ரிகோ ரோட்ரிக்ஸை மேடைக்குக் கூட்டி வந்தார்கள். அவர் அதே ஆல்ஃபா பள்ளியில் படித்து, டிராம்போனோடு 1961 இல் இங்கிலாந்து போனவர். அடியை எடுத்தவர்கள் அடித்தவரையும் அழைத்தார்கள், பக்கத்தில் நிறுத்தினார்கள். நேஷனல் ஃப்ரண்ட் என்கிற நிறவெறிக் கட்சியின் பயல்கள் கச்சேரிக்குள் புகுந்து கலாட்டா செய்த காலம் அது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நிற்பதே சண்டைக்கு அழைப்பு. நின்றார்கள். 1980 இல் கோல்டிங்கை லண்டனில் நிறவெறியர்கள் தாக்கினார்கள். அதையும் பாட்டாக்கினார்கள்.

கில்மனில் அன்றைக்கு ஸ்கா வாசித்த பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. ஒரு பாட்டுக்கு முன்னால், "இது பழைய ஜமைக்காப் பாட்டு" என்றான் பாடுகிறவன். பெயர் சொல்லவில்லை. முடிந்ததும் தம்பியை இழுத்துக்கொண்டு போய், அது யார் போட்ட பாட்டு என்று கேட்கச் சொன்னேன். பையன் தலையைச் சொறிந்தான். பக்கத்து ஊர்க் குழு ஒன்றின் இசைத்தட்டைக் கேட்டுப் பழகினதாம். "ஆபரேஷன் ஐவி தெரியுமா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டான். தெரியும். 1987 இல் தொடங்கி 1989 மே மாதம் இதே கூடத்தில் கடைசியாக வாசித்துவிட்டுக் கலைந்த, பங்க்கையும் ஸ்காவையும் பிசைந்த குழு. நல்ல குழுதான். ஆனால் அந்தப் பையனுக்கு ஸ்காவின் சரித்திரம் அங்கே தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருட்டு. மைக் பார்க் என்கிற கொரிய வம்சாவளிக்காரர், இதே வட்டாரத்து ஸ்கா பாடகர், 1998 இல் 'நிறவெறிக்கு எதிராக ஸ்கா' என்று அமெரிக்கா முழுக்கச் சுற்றுப்பயணமே நடத்தினார். கூட்டம் ஆட வந்ததே தவிர கேட்க வரவில்லை என்று அவரே பின்னால் வருத்தப்பட்டிருக்கிறார். சுவரில் 'இனவெறி கூடாது' என்று எழுதினால் திட்டுகிறவனைத் தடுக்கலாம். மறக்கிறவனை என்ன செய்வது?

இன்னொன்றும் சுவரில் இல்லை. சாதி.

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சாதி எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பெர்க்லிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊரின் பெரிய வீட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவராக இருந்தவர் லக்கிரெட்டி பாலி ரெட்டி. ஆந்திராவிலிருந்து போனவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள், ஓட்டல் வேறு. தன் கிராமம் வெல்வடத்திலிருந்து ஏழை தலித் சிறுமிகளைப் பொய்க் காகிதத்தில் கொண்டுவந்து, வேலை வாங்கி, பாலியல் கொடுமை செய்துகொண்டிருந்தார். 1999 நவம்பரில் அவருடைய குடியிருப்பு ஒன்றில் வெப்பமூட்டியின் புகைக்குழாய் அடைத்து, கார்பன் மோனாக்சைடு பரவி, பதினேழு வயசுப் பெண் செத்தாள். அப்போதுதான் வெளியே வந்தது. அந்த வயசுப் பெண்கள் ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று முதலில் கிளறி எழுதியது பெர்க்லி உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பத்திரிகை. 2001 இல் அந்த ஆளுக்கு எட்டு வருசத்துக்குச் சற்று மேல் சிறை. கில்மன் கூடம் அப்போது பதின்மூன்று வருசமாக நடந்துகொண்டிருந்தது. பதினேழு வயசுப் பிள்ளைகளுக்காகவே திறந்த கூடம். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு கூடம் அதே ஊரில் இருந்தது தெரிந்திருக்க வழியே இல்லை.

2023 இல் கலிபோர்னியாவின் இரண்டு அவைகளும் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்கிற மசோதாவை நிறைவேற்றின. ஆளுநர் நியூசம் அக்டோபரில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். இருக்கிற சட்டமே போதுமாம்.

கில்மனில் உறுப்பினர் கூட்டம் நடக்கும், உறுப்பினர் யாரும் பேசலாம், ஓட்டுப்போட்டு முடிவெடுப்பார்கள் என்று தம்பி சொன்னான். "அப்ப எழுந்து சொல்லுடா, சாதியையும் சுவத்துல எழுதுங்கன்னு." கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். "சொன்னா எழுதிடுவாங்கண்ணே. அந்தப் பசங்க மறுக்க மாட்டாங்க. ஆனா கேட்டது யாருன்னு நம்ம ஊர்ப் பசங்களுக்குத் தெரிஞ்சிடும். எங்க வீட்ல ஆறு பேரு, எல்லாம் இந்தியப் பசங்க. நான் யாருன்னு இன்னும் எவனுக்கும் தெரியாது." இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு வீரம் பேசலாம்.

இப்போது துடைப்பத்துக்கு வருகிறேன். கச்சேரி முடிந்து விளக்குப் போட்டார்கள். தரையெல்லாம் தண்ணீர் பாட்டில், காகிதம், வியர்வை ஈரம். எல்லாரும் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். டிரம்பெட் ஊதின பெண் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தாள். கூந்தலை முடிந்துகொண்டாள். வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு நேரே கக்கூசுக்குள் போனாள். இரண்டாவது குழுவின் டிரம்ஸ் அடித்த பையன் தரை துடைக்க ஆரம்பித்தான். வாசலில் காசு வாங்கின பெண் குப்பைப் பையைக் கட்டினாள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. அங்கே இது நாடகமும் இல்லை. ஒரு புகைப்படம் எடுக்கவில்லை. காந்தி ஆசிரமத்துத் தியாக முகபாவம் ஒருத்தர் முகத்திலும் இல்லை. தங்கள் இடம், தாங்கள் அசிங்கம் பண்ணினது, தாங்கள் கழுவுகிறார்கள்.

தம்பி ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, இன்னொன்றை என் பக்கம் நீட்டினான்.

என் கை நீளவில்லை.

எங்கம்மா அரசுப் பள்ளிக்கூடம் ஒன்றில் தொகுப்பூதியத்துக்கு இருபத்திரண்டு வருசம் கூட்டிக் கழுவினது. அதே பள்ளிக்கூடத்தில்தான் நான் படித்தேன். இடைவேளையில் மற்ற பையன்கள் கக்கூசுக்குள் போய்விட்டு, 'டேய், ஒங்கம்மாவ வரச் சொல்றா' என்பார்கள். துடைப்பம் பிடிக்காத கை வேண்டும் என்றுதான் அது என்னைப் படிக்க வைத்தது. இந்தக் கையில் பேனா ஏறினது சும்மா இல்லை. அந்த டிரம்பெட் பெண்ணுக்குத் துடைப்பம் ஒரு வேலை. அரைமணி பிடித்து வைத்துவிட்டு ஊதப் போகலாம். அவளை எவனும் துடைப்பத்தின் பெயரால் கூப்பிட்டதில்லை. அதனால் அவளுடைய துடைப்பமும் எங்கம்மாவின் துடைப்பமும் ஒன்று என்று யாராவது கவிதை எழுதினால் (எழுதுவார்கள்) நான் கிழித்துப் போடுவேன்.

ஆனால் தோழர்களே, நம் கதை என்ன? போன வருசம் நாம் நடத்தின கலை இலக்கிய மாநாட்டில் ரெண்டு நாள் சமத்துவம் பேசினோம். நான் கவிதை வாசித்தேன், கைதட்டினார்கள். முடிந்ததும் பிரியாணிக்குப் போனோம். மண்டபத்தைக் கூட்டினது, கக்கூஸைக் கழுவினது யார்? பக்கத்துக் காலனியிலிருந்து கூலிக்கு வந்த இரண்டு அம்மாக்கள். ஆளுக்கு முந்நூறு ரூபாய். அந்தக் கணக்கை வங்கிக் குமாஸ்தா என்பதால் நான்தான் எழுதினேன். 'துப்புரவு' என்று தலைப்பிட்டு எழுதினேன். எனக்கு அப்போது உறைக்கவில்லை. எங்கோ ஒரு கிடங்கில் டிரம்பெட்காரி பிரஷ்ஷை எடுத்தபோதுதான் உறைத்தது.

நான் சொல்வது ஒன்றுதான். அடுத்த மாநாட்டில் கூலிக்கு ஆள் வைக்க வேண்டாம். பட்டியல் போடுவோம். அதில் தலைமுறை தலைமுறையாகத் துடைப்பத்தைத் தொடாத கைகளின் பெயர் முதலில் வரட்டும். கருத்தரங்கத்தில் விளிம்பு பேசுகிற பேராசிரியர் பெயர் முதல் வரிசையில் வரட்டும், மேடையில் முதல் வரிசையில் உட்காருகிறவர்தானே. அந்தத் தோழர் பெயர் அடுத்தது. ஆண்கள் பெயர் முதலில், பெண்கள் பெயர் பிறகு. அந்தப் பிள்ளைகளை 'வெள்ளக்காரப் பசங்க' என்று சொன்ன வாய்கள் முதலில் ஒரு வாளி தண்ணீர் தூக்கட்டும். என் பெயரை எங்கே போடுவது என்று எனக்கு இன்னும் தீரவில்லை. அன்றைக்கு ராத்திரி கில்மனில் நான் துடைப்பத்தை வாங்கவில்லை. நாற்காலிகளை அடுக்கினேன்.

பிரீமாண்டுக்குத் திரும்பும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. அம்மா பேத்தியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. "எங்கடா போன, சட்டயெல்லாம் ஈரமா?" என்றது. பாட்டுக் கச்சேரி என்றேன். காது அடைத்திருந்ததால் கத்திச் சொல்லியிருக்கிறேன், குழந்தை சிணுங்கியது. ஊதின பெண்ணே கக்கூஸ் கழுவின கதையைச் சொன்னேன்.

"வெள்ளக்காரப் பொண்ணா?"

"ஆமா."

"எவ்ளோ குடுப்பாங்க?"

"காசெல்லாம் கிடையாதும்மா. அவங்களா கழுவுறாங்க."

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"ஆம்பளப் பசங்களும் கழுவுறாங்களா?"